தேங்காய் நின்ற இடம்

மகனே அருணா,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதியை அச்சகத்துக்காரர் நேற்றுக் காலை கொடுத்துவிட்டுப் போனார். பிழை இருந்தால் திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். இருக்கிறது. உன் மாமாவின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப் போயிருக்கிறது. மண்டபம் இருக்கும் தெருவின் பெயர் தப்பு. இரண்டையும் சிவப்பு மையால் திருத்தினேன். பிறகு உன் பெயருக்கு வந்தேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பி.எஸ்சி. இயற்பியல், நிலவியல் டிப்ளமோ' என்று போட்டிருந்தது. அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் கடைசி இரண்டு சொற்களை ஒரே கோடாக அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "அம்மா, சிக்னல் இல்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். வேலூரில் நீ எடுத்திருக்கும் அறையில் நான் கோபப்படும்போது மட்டும் சிக்னல் போய்விடுகிறது. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவளுக்கு ஒரு கடிதம் எழுத வராதா? மனு என்றால் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்க வேண்டும். இன்றைக்கு என்னிடம் பணிவு இல்லை. உறையை ஒட்டாமலே அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் போலக் கல்லையும் மண்ணையும் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும்.

போன திங்கட்கிழமை நடந்தது இது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். புங்க மரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தால் பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று மதியம் வரை தலை நிமிர முடியாது. பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். பெயர் பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. நிலத்தில் போட்ட போர் காய்ந்துபோய்விட்டது. அரசுத் திட்டத்தில் இன்னொரு போர் போட்டுத் தரக் கேட்டு மனு. உள்ளே இருந்த அதிகாரி, முதல் போர் ஏன் தோற்றது என்று காரணம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். காரணம் இல்லாத மனுவை வாங்க மாட்டார்களாம். அடுத்த திங்கட்கிழமைதான் கடைசி நாளாம்.

"காரணம் என்னன்னு எழுதட்டும்மா?" என்று கேட்டேன்.

"என் நேரம் சரியில்லன்னு எழுதுங்க."

"நேரம் அது இதுன்னுலாம் எழுத முடியாதும்மா. படிச்சுட்டு மூஞ்சில தூக்கி அடிச்சுடுவாங்க."

"அப்ப ராசின்னு போடுங்க. என் பேருக்குத் தண்ணி ராசி இல்லன்னு."

"யாரு சொன்னது உனக்கு ராசி இல்லன்னு?"

"போருக்குப் பாயிண்ட் பாத்துக் குடுத்தவரே சொன்னாரும்மா. சாதா ஆளு இல்ல, ஜியாலஜி படிச்சவரு. தேங்கா சார்னா எங்க பக்கம் சின்னப் புள்ளகூட சொல்லும். தேங்கா அப்படியே எழுந்து நின்னுச்சு, நானே பாத்தேன். போரு போட்டா நானூறு அடி வரைக்கும் வெறும் புழுதிப் புகை. போன் போட்டேன். 'தேங்கா பொய் சொல்லாதும்மா, உங்க நேரம் சரியில்ல, தண்ணி விலகிப் போயிடுச்சு'ன்னாரு. அவ்ளோ படிச்சவரு, பொய்யா சொல்லப் போறாரு?"

சொல்லிவிட்டு இடுப்புப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அதைப் படித்துப் பார்க்க எனக்குத் தேவையே இருக்கவில்லை. உன் பெயர் போட்ட அந்த அட்டைக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் மூன்று வரியை விட்டுவிட்டு மீதி மனுவை எழுதி முடித்தேன். "ஒரு விவரம் கேக்கணும், பேப்பர் என்கிட்டயே இருக்கட்டும், அடுத்த திங்கக்கிழமை வா" என்று சொல்லி அனுப்பினேன். நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அதற்குப் பிறகு வந்தவர்களின் மனுவில் எல்லாம் அடித்து அடித்து எழுதினேன். என் எழுத்தைப் பார்த்துப் பழகியவர்களே "இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

போர் தோற்றதற்காக எனக்குக் கோபம் இல்லை, இதை முதலில் புரிந்துகொள். நம் பக்கத்துப் பாறையில் எவ்வளவு படித்தவனும் தோற்பான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உங்கள் ஆசிரியர் ஒருவர் தன் சொந்த வீட்டில் போட்ட போர் காய்ந்துபோன கதையை வகுப்பில் சொல்லிச் சிரித்ததையும், 'தோத்தா பாறையைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கிறோம்' என்று அவர் சொன்னதையும் எத்தனை ஆசையாக வந்து சொன்னாய். பச்சையம்மாள் நிலத்தில் தோற்று நீ பாறையைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாய்? மறுபடி போய்ப் பார்த்தாயா? நீ செய்த தப்பைத் தூக்கி அவள் தலையெழுத்தின் மேல் வைத்துவிட்டு, அடுத்த ஊருக்குத் தேங்காயோடு போய்விட்டாய். அவள் அதை நம்பிக்கொண்டு, தன் கைநாட்டு போடும் மனுவில் தானே எழுதச் சொல்கிறாள், என் நேரம் சரியில்லை என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, அருணா.

நீ எப்படிப் படித்தாய் என்று உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு வருடம் செல்போன் கடையில் திரை மாற்றிக்கொண்டிருந்தாய். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களும் ஒரே வருடத்தில் நிலவியல் படிக்கலாம் என்ற விளம்பரத்தை நான்தான் செய்தித்தாளில் பார்த்தேன். வடை மடித்துக் கொடுத்த பக்கத்தில் இருந்தது. எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து உன்னிடம் நீட்டினேன். "மூணு வருஷப் பாடத்த ஒரே வருஷத்துல அடைப்பாங்கம்மா, தலை வெடிச்சுடும்" என்றாய். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். எத்தனையோ பேருக்கு நிரப்பியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதற்குக் காரணம் உனக்கு ஓரளவு தெரியும். முழுக்கச் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பில் எங்கள் அறிவியல் அறை அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் இருபது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். பழைய சீட்டுகள் எல்லாம் கரையான் அரித்துப் போயிருந்தன. டீச்சர் என் கையெழுத்தைப் பார்த்து, புதுச் சீட்டு எழுதும் வேலையை எனக்குத் தந்தார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நான் அந்த அறையிலேயே இருப்பேன். ஒவ்வொரு கல்லையும் வெயிலில் பிடித்துப் பார்ப்பேன், நாக்கால் தொட்டும் பார்ப்பேன். மைக்கா என்கிற அப்பிரகம் ஏடு ஏடாக உரியும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும் கல்லைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்தேன். யாரும் கேட்காத பட்டியல். பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஜியாலஜி படிக்கிறேன் என்றேன். என் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "கல்லு ஒடைக்கறதுக்கா காலேஜு? ரோட்டுல போய் நின்னா சும்மாவே குடுப்பான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த முதல் தப்பு. அழுதிருந்தாலாவது ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார்.

அதனால்தான் உன் படிப்பு வருடத்தை நான் உன்னோடு சேர்ந்து படித்தேன். அடி அண்ணாமலையில் யாரோ வீடு கட்டத் தோண்டிய கடைக்கால் பள்ளத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போனாய். மலையிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினாய். அந்தக் கல்லைக் கண்ணாடிபோல மெல்லியதாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, படம் எடுத்து அனுப்பினாய். வெளியே கறுப்பாகக் கிடந்த கல்லுக்குள் ரோஜா நிறமும் இளம்பச்சையும். "தட்டைத் திருப்புனா கலர் மாறுதும்மா" என்று போனில் கத்தினாய். நான் பலகையை விட்டு எழுந்து, மனு எழுத வந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு பெரியவர், "சேலை டிசைனா?" என்றார்.

பரீட்சைக்கு முன்னால் உனக்கு அம்மை போட்டது. இரண்டு வாரம் புத்தகத்தைத் தொட முடியவில்லை. உன் நண்பன் போனில் அனுப்பிய பாடக் குறிப்பின் படங்களைப் பார்த்து நான் ஒரு நோட்டில் எழுதினேன். வேப்பிலை கட்டிய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து உனக்குப் படித்துக் காட்டினேன். புரியாத இடத்தில் நிறுத்தி நான் கேட்பேன். நீ பாயில் படுத்தபடியே, முதுகைச் சொறியக் கூடாது என்பதற்காக இரண்டு கையாலும் தலையணையைப் பிடித்துக்கொண்டு விளக்குவாய். "பாறைக்குத் தண்ணி குடிக்கத் தெரியாதும்மா. விரிசல் இருந்தாதான் உள்ள போவும். விரிசல் எங்கன்னு கண்டுபுடிக்கறதுதான் மொத்தப் படிப்பே." இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. நீ அதை எடுத்துப் போகவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். உன்னை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துபோனால் நீ செய்ததையே நானும் செய்கிறவள் ஆவேன்.

நீ டிப்ளமோ வாங்கி வந்த முதல் நான்கு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. நான்கு கம்பியை மண்ணில் அடித்து, மின்சாரம் விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு நீயாகவே கிராமம் கிராமமாகப் போனாய். ஒரு நாள் மதியம் வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். என்ன என்று கேட்டேன். அன்றைக்குப் போன இடத்தில் நிலத்துக்காரர், நீ கம்பி அடித்து முடிக்கும் வரை பீடி பிடித்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "மெஷின்லாம் இருக்கட்டும் தம்பி, தேங்கா வச்சுப் பாக்கத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டாராம். தெரியாது என்றதும், "அப்ப இன்னாத்த படிச்ச?" என்றாராம். அப்படிக் கேட்ட மூன்றாவது இடம் அது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு, கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, குடுமியை ஒழுங்காகக் கிள்ளி, உன் முன்னால் வைத்தேன். "மொதல்ல மெஷின் வச்சு இடத்தைக் கண்டுபுடி. அப்புறம் அதே இடத்துல இதைக் கையில வச்சு நிக்க வை. அவங்களுக்கும் திருப்தி, உனக்கும் வேலை."

"அது பொய்யாச்சேம்மா" என்றாய் நீ.

"பொய் இல்லடா. பெரியவங்களுக்குக் குடுக்கற மரியாதை."

எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினேன் பார். மனு எழுதி எழுதி எதற்கும் ஒரு நல்ல சொல் கண்டுபிடிக்கும் பழக்கம். நீ அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அந்தத் தேங்காயைக் கையில் எடுத்தாய். பிறகு உள்ளங்கையில் படுக்க வைத்து, சுண்டுவிரலால் அடியில் ஒரு தட்டு தட்டினாய். அது எழுந்து நின்றது. அப்பா கைதட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் சிரித்திருக்கக் கூடாத இரண்டாவது சிரிப்பு அது.

மெஷின் சொன்ன இடத்தில் தேங்காயும் நின்றது, தண்ணீரும் வந்தது. ஊரார் தேங்காய்க்கு மாலை போட்டார்கள். மெஷினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் நாம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் பேசிக்கொண்டோம். பிறகு வேலூர் அறைக்கு வெளியே போர்டு மாற்றினாய். முதல் போர்டில் நிலவியல் என்ற எழுத்து பெரிதாக இருந்தது. இரண்டாவது போர்டில் தேங்காய் பெரிதாக இருந்தது. பிறகு ஒருநாள் நீ நம் வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பும்போது மெஷின் கட்டிலுக்கு அடியிலேயே இருந்ததைப் பார்த்து, "மறந்துட்டியா?" என்று கேட்டேன். "அத வச்சா ரெண்டு மணி நேரம் ஆவுதும்மா. இது பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு இடம் இருக்கு" என்றாய். அப்போதே உன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பையன் நன்றாக ஓடுகிறான் என்று பேச்சு வந்துகொண்டிருந்த நேரம். வாயை மூடிக்கொண்டேன். தேங்காயை உன் கையில் கொடுத்தது ஒரு தப்பு, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் விட்டபோது பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டும் என்னுடையவை. உன்னுடையது வேறு. நான் கொடுத்தது கல் பேசுவதை மனிதருக்குப் புரியவைக்கும் ஒரு வேஷம் என்று நினைத்தேன். நீ வேஷத்தை வைத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டாய்.

புதன்கிழமை நான் அந்த நிலத்துக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து உன் சுத்தியலை எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னாம்மா, யாரு மண்டைய உடைக்கப் போறீங்க?" என்றார். "என் புள்ள மண்டைய" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இந்த முறை சரியாக இருந்தேன்.

பச்சையம்மாள் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். "மனு எழுதற அம்மாவா? இம்மா தூரம் வந்துட்டீங்க?" என்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். காய்ந்த போரைக் காட்டினாள். ரோட்டை ஒட்டி, நிலத்தின் ஈசானி மூலையில், குழாய் வாயில் ஒரு ரப்பர் தட்டைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தது. வாஸ்துக்குச் சரியான மூலை. லாரி வந்து நிற்கவும் வசதியான மூலை. பாறைக்கு வாஸ்து தெரியாது என்று எனக்குத் தெரியும்போது உனக்குத் தெரியாதா?

"எங்கெங்க நடந்து பாத்தாரு?" என்று கேட்டேன்.

"நடக்கலாம் வேணாம்மா அவருக்கு. வண்டிய விட்டு எறங்குனாரு, நேரா இங்க வந்தாரு, தேங்கா நின்னுச்சு. ஷூவுல மண்ணுகூட ஒட்டல." அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

நான் நடந்தேன். நிலம் மேற்கே மேடு, கிழக்கே சரிவு. நடுவில் வடக்குத் தெற்காக ஒரே கோட்டில், நிலத்துக்குக் குறுக்கே, கறுப்புக் கற்கள் உருண்டை உருண்டையாக முட்டிக்கொண்டிருந்தன. கோட்டுக்கு மேற்கே ஒரு பழைய கிணறு. எட்டிப் பார்த்தேன், இந்த வெயிலிலும் அடியில் தண்ணீர் மின்னியது. கோட்டுக்குக் கிழக்கே புல்கூடக் காய்ந்து கிடந்தது. "இந்தக் கல்லுலாம் எப்பலேர்ந்து இருக்கு?" என்றேன். "அது எங்க மாமனாரு காலத்துலேர்ந்து இருக்குது. அடுத்த கொல்லை, அதுக்கு அடுத்த கொல்லைன்னு நீட்டா போவும். டிராக்டர் ஓட்டறவன் திட்டிக்கினே ஓட்டுவான்" என்றாள். உன் சுத்தியலால் ஒன்றை உடைத்தேன். நான்கு அடிக்குப் பிறகுதான் விட்டது. உள்ளே கன்னங்கரேல் என்று, பொடிப்பொடியான மணிகளோடு, கைக்குக் கனமாக இருந்தது. பத்தாம் வகுப்பில் கனமான கல்லுக்குப் பட்டியல் போட்டவள் நான், எனக்குக் கனம் தெரியும்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ அம்மையோடு படுத்திருந்தபோது வாசலில் உட்கார்ந்து நான் எழுதிய பக்கம். பழைய பாறையைப் பிளந்துகொண்டு கீழேயிருந்து ஏறி உறைந்த கரும்பாறை, நிலத்துக்குள் மதில்போல நிற்கும். மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கலாம், மறுபக்கம் வறண்டு போகலாம். உன் நண்பன் அதற்குப் பக்கத்தில் ஒரு சுவரும் ஒரு குடமும் வரைந்திருந்தான். நானும் அப்படியே வரைந்திருக்கிறேன். நீ குறித்த இடம் சுவருக்கு வறண்ட பக்கம், அருணா. நாற்பது தப்படி நடந்திருந்தால் கல் உன் ஷூவில் இடறியிருக்கும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நான் படித்தது ஒரு நோட்டு மட்டும், அதுவும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து. அதனால்தான் அவளிடம் இங்கே போடு, அங்கே போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ, கம்பியை அடித்துப் பார்த்துவிட்டு.

கிளம்பும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அந்தத் தேங்கா சார் என் புள்ளதான்." அவள் என்ன செய்தாள் தெரியுமா? திட்டுவாள் என்று நின்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாம உங்ககிட்டயே சொல்லிட்டேனேம்மா. மனசுல வச்சுக்காதீங்க. சார்கிட்ட சொல்லாதீங்க, கோச்சுக்கப் போறாரு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். மடியிலிருந்து இரண்டு கை வேர்க்கடலையை என் பையில் போட்டாள். அந்தக் காய்ந்த நிலத்துக் கடலை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஒன்றுகூட வாயில் போட முடியவில்லை. அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால் உனக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

வந்த வேகத்தில் சாமி அலமாரியில் நீ மஞ்சள் பூசி வைத்திருக்கும் அந்த முதல் தேங்காயை எடுத்துத் தரையில் வைத்து உன் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வற்றிக் கொப்பரையாகிக் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஆட்டலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "விடுடி, ஊருல எல்லாரும் பண்றதுதான்" என்றார். ஊரில் எல்லாரும் ஒரு வருடம் தலைவெடிக்கப் படித்துவிட்டா பண்ணுகிறார்கள்? தெரியாமல் தேங்காயைப் பிடிக்கிறவனை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவனுக்குத் தேங்காய் எழுந்து நிற்பது நிஜம். உனக்குச் சுண்டுவிரல் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கல்யாணம் ஆகப் போகிறவனாயிற்றே. நாளைக்கு அந்தப் பெண் வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒன்று தப்பாகப் போகும். எல்லார் வீட்டிலும் போகும். அன்றைக்கும் 'உன் நேரம் சரியில்ல' என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவாயா? அவளும் பச்சையம்மாள்போல நம்பிக்கொண்டு உனக்குக் கடலை அள்ளிக் கொடுப்பாளா? நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருமுறை சொல்லிப் பழகாத வாய், ஒருநாளும் பழகாது. முதல்முறை கஷ்டமாக இருக்கும். மேலே நான் எழுதியிருக்கிறேனே, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. மெஷினைத் துடைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கம்பி நான்கும் வாசலில் இருக்கின்றன. நானும் வருகிறேன், கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஷூ வேண்டாம், செருப்பு போதும். பச்சையம்மாளை நிலத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், நீ அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மனு இந்த உறைக்குள் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் மூன்று வரி காலி. 'நிலத்தை நடந்து பார்க்காமல், கருவி வைத்துச் சோதிக்காமல் நான் இடம் குறித்துக் கொடுத்தேன்' என்று எழுத மூன்று வரி போதும். அளந்து பார்த்துத்தான் விட்டேன். உன் கையெழுத்தில் எழுதி, அடியில் உன் பெயரையும் படிப்பையும் போடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது உள்ளே போக வேண்டும்.

பத்திரிகையின் பிரதியையும் கூடவே வைத்திருக்கிறேன். அதிலும் உன் பெயருக்குப் பக்கத்தில், நான் அடித்த இரண்டு சொற்களின் இடம் காலியாக இருக்கிறது. அச்சகத்துக்காரரைச் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் மனுவை நிரப்பு.

அம்மா